மூன்று ஓட்டைகள் சொல்லும் பொய்

தோட்டாவைத் தங்கள் கையாலேயே நிரப்பிக்கொள்ளும் அமெரிக்க வேட்டைக்காரர்களில் பலர் பர்ஸுக்குள் ஒரு காகிதத் துண்டை மடித்து வைத்திருப்பார்கள். இலக்கு அட்டையிலிருந்து கத்தரித்து எடுத்தது. நூறு கஜத்தில் சுட்ட மூன்று குண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரே கிழிசலாகத் தெரியும். எந்த வெடிமருந்து, எத்தனை கிரெய்ன், எந்த நிறுவனத்தின் குண்டு என்பதெல்லாம் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கும். கேட்டால் போதும், எடுத்துக் காட்டுவார்கள். அந்த மூன்று ஓட்டைகளும் நிஜமானவை. அவற்றை வைத்து அவர்கள் வந்துசேரும் முடிவில்தான் எனக்குச் சந்தேகம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று நம் நாட்டில் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அதனால் இந்தக் கைத்தொழில் நமக்கு அன்னியம். அமெரிக்காவிலோ இது கார் ஷெட்டின் ஒரு மூலையில் நடக்கும் சாதாரண வேலை. தோட்டா என்பது நான்கு பொருள்களின் சேர்க்கை: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி கக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் செருகிய குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டும். அதை வீசிவிடாமல், தீர்ந்த பிரைமரைத் தள்ளி எடுத்து, வீங்கிய கூட்டை எஃகு அச்சுக்குள் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமரும் மருந்தும் குண்டும் ஏற்றுவதுதான் வேலை. மலிவு என்பது ஒரு காரணம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கான்சஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன் ராணுவம் கழித்துவிட்ட மருந்தை மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்றபோது இந்தப் பழக்கம் வேகமாகப் பரவியது. ஆனால் செலவைவிடப் பெரிய ஆசை துல்லியம். தன் துப்பாக்கிக்கென்றே அளவெடுத்துத் தைத்த தோட்டா கடைத்தோட்டாவை மிஞ்சும் என்ற நம்பிக்கை அது. நம்பிக்கை வீண் இல்லை. எந்த அளவை எடுப்பது என்பதில்தான் குழப்பம்.

ஒற்றைத் தோட்டா ரைபிள்காரர்கள் இந்தக் கூட்டத்திலேயே தனி ரகம். அவர்களது துப்பாக்கியில் மேகசின் கிடையாது. விசைக் காப்பைச் சூழ்ந்த நெம்புகோலைக் கீழே இழுத்தால், குழலின் பின்வாயை அடைத்திருக்கும் எஃகுக் கட்டை செங்குத்தாக இறங்கும். ஒரு தோட்டாவை வைத்து நெம்புகோலை மேலே தூக்கினால் வாய் மூடிக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் ஜான் ஃபார்க்கர்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற அமைப்பும், ஜான் பிரவுனிங் வடிவமைத்து வின்செஸ்டர் நிறுவனம் 1885-ஆம் ஆண்டு மாடலாக விற்றதும் இந்த வகைதான். ஐந்து குண்டு அடுக்கும் ரைபிள்கள் கடையெல்லாம் நிறைந்திருந்த 1967-இல், பில் ரூகர் பிடிவாதமாக இதே பழைய பாணியில் ‘நம்பர் 1’ என்ற ரைபிளைக் கொண்டுவந்தார். இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது என்பதைத் தெரிந்தே விரும்புகிறவர்கள் வாங்கும் துப்பாக்கி. முதல் குண்டைப் பற்றி இவர்கள் அதிகம் கவலைப்படுவது இயல்பே.

மேகசின் இல்லாததால் ஒரு நிஜமான லாபமும் உண்டு. பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே குண்டைக் கூட்டுக்குள் ஆழமாகப் புதைக்காமல், குழலின் உட்சுவரில் திருகலாக ஓடும் புரிகளுக்கு மிக அருகில் அதன் தோள் வருமாறு வெளியே நீட்டிப் பொருத்தலாம். வெடித்த கணத்தில் குண்டு வெற்றிடத்தில் தாவும் தூரம் குறைந்தால், அது கோணலாகப் புரிக்குள் நுழையும் வாய்ப்பும் குறையும். புரியைத் தொட்டுக்கொண்டே நிற்கும்படி வைத்துவிட்டால் மட்டும் அழுத்தம் ஏறும். மருந்தைக் குறைக்க வேண்டியிருக்கும்.

குண்டு நேராக நுழைவதற்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? இதற்குப் பதில் தேடித் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் ஃபிராங்க்ளின் மான். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மில்ஃபர்டைச் சேர்ந்தவர், மருத்துவம் படித்தவர். குழலைக் கான்கிரீட் மேடையில் அசையாமல் பொருத்திவிட்டார். மனிதக் கையின் நடுக்கம் கணக்கிலிருந்து கழன்றது. குண்டு போகும் வழியில் இடைவெளி விட்டு மெல்லிய காகிதத் திரைகளை நிறுத்தி, அது எங்கெங்கே எந்தச் சாய்வில் துளைத்துப் போகிறது என்று அளந்தார். அதோடு நிற்கவில்லை. குண்டுகளை வேண்டுமென்றே சேதப்படுத்திச் சுட்டார். சிலவற்றின் மூக்கைச் சிதைத்தார், சிலவற்றின் அடிப்பாகத்தில் ஒரு ஓரத்தைச் சீவினார், சிலவற்றின் பக்கவாட்டில் துளை போட்டு எடையை ஒருபுறம் சாய்த்தார். மூக்கு உடைந்த குண்டு பெரிதாக வழி தவறவில்லை. அடிப்பாகம் கோணலான குண்டு எங்கெங்கோ போனது. குழல் வாயைவிட்டு வெளியேறும் கணத்தில், குறையான ஓரத்தின் வழியே வாயு முந்திக்கொண்டு பீறிட்டு அடிப்பாகத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது. இவற்றையெல்லாம் 1909-இல் ‘தி புல்லெட்ஸ் ஃபிளைட்’ என்ற புத்தகமாக வெளியிட்டார். தோட்டா நிரப்புகிறவர்கள் இன்றும் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

எடை ஒருபுறம் சாய்ந்த குண்டு ஏன் விலகுகிறது என்பதைக் கணக்கே போட்டுப் பார்க்கலாம். நவீன ரைபிள் குழல் ஒன்றில் 10 அங்குலத்துக்கு, அதாவது 254 மில்லிமீட்டருக்கு, ஒரு முழுச் சுற்று என்ற விகிதத்தில் புரி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 820 மீட்டர் வேகத்தில் வெளிவரும் குண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,94,000 முறை சுழலும். குழலுக்குள் இருக்கும்வரை எஃகுச் சுவர் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. எடை மையம் எங்கிருந்தாலும் வடிவத்தின் நடுவைச் சுற்றித்தான் அது சுழன்றாக வேண்டும். வெளியே வந்ததும் பிடி விட்டுப்போகிறது. கவணிலிருந்து விடுபட்ட கல் வட்டத்தின் தொடுகோட்டில் பறப்பதுபோல, விலகியிருந்த எடை மையம் பக்கவாட்டில் ஒரு வேகத்தை எடுத்துக்கொண்டு கிளம்புகிறது. மையம் நூறில் ஒரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலே 100 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 2.5 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்குதான் அந்த விலகல்.

குண்டைச் செய்த ஆலையின் தரம் நிரப்புகிறவரின் கையில் இல்லை. நல்லதைத் தேர்ந்து வாங்கலாம், அவ்வளவுதான். ஆனால் நல்ல குண்டும் கோணலாகப் புரிக்குள் நுழைந்தால் அதே விளைவுதான். அந்தக் கோணலுக்குப் பெரும்பாலும் காரணம் தோட்டா நிரப்பும் மேஜை. பித்தளைக் கூட்டை அச்சுக்குள் அழுத்தி வெளியே இழுக்கும்போது, உள்ளே கம்பியில் மாட்டிய ஒரு எஃகு உருண்டை, குண்டைப் பிடிக்கும் கழுத்தின் உட்பக்கத்தை விரித்துக்கொண்டு வரும். கழுத்துக்குள் எண்ணெய் போதாமல் அது முனகிக்கொண்டு வந்தால், கழுத்தையும் கொஞ்சம் இழுத்து வளைத்துவிட்டுத்தான் வெளியேறும். கண்ணுக்குத் தெரியாது. நிரப்பி முடித்த தோட்டாவை இரண்டு தாங்கிகளில் படுக்கவைத்து, குண்டின் மேல் டயல் கேஜின் முனையைத் தொடவிட்டு விரலால் மெல்ல உருட்டினால் தெரிந்துவிடும். நேரான தோட்டாவுக்கு முள் அசையாது. வளைந்ததற்கு ஒவ்வொரு சுற்றிலும் முள் போய்ப் போய் வரும். மருந்து எடைபோடும் தராசுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள் இந்தச் சின்னக் கருவியை வாங்காமல் விடுவது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

பித்தளையைப் பற்றி ஒரு சொல். 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அறைக்குள் வீங்கிச் சுவரோடு ஒட்டி வாயுவை அடைக்கவும் வேண்டும், அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கிக் கழன்று வரவும் வேண்டும். ஒவ்வொரு முறை வீங்கி, அச்சில் அமுங்கும்போதும் அது இறுகிக்கொண்டே போகிறது. இறுகிய பித்தளைக்குள் தேங்கும் விசை என்ன செய்யும் என்பதை உலகம் கற்றுக்கொண்டது இந்தியாவில்தான். பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த தோட்டாக்களின் கூடுகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. பல காலம் புதிராகவே இருந்தது. குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா, ஈரக் காற்று, உள்ளே தேங்கிய இழுவிசை ஆகியவை சேர்ந்து செய்யும் வேலை இது என்று 1920-களின் தொடக்கத்தில்தான் விளக்கம் கிடைத்தது. சுடரில் கழுத்தை மட்டும் சில விநாடி காட்டி இளக வைப்பதே பரிகாரம். சில முறை நிரப்பியபின் அக்கறையுள்ளவர்கள் அதைச் செய்துவிடுவார்கள். அடிப்பாகத்தைச் சூடுபடுத்தி இளக்கிவிட்டால் கதை முடிந்தது. வெடிக்கும்போது முகத்துக்கு நேராக இருப்பது அந்தப் பாகம்தான்.

இனி மருந்து. இதில்தான் நிரப்புகிறவர்களின் கவலை எல்லாம் குவிந்திருக்கிறது. 1884-இல் பிரான்ஸின் போல் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். நைட்ரோ செல்லுலோஸைக் கரைத்து இறுக்கி, பிசைந்து, துணுக்குகளாக வெட்டியது. நீலகிரி ரயிலில் போகிறவர்கள் கடக்கும் அருவங்காட்டில் 1903-இல் நிறுவப்பட்ட கார்டைட் தொழிற்சாலையும் இந்தக் குடும்பத்து மருந்துக்காகத்தான் வந்தது. திறந்த வெளியில் கொளுத்தினால் இது சாதுவாக எரிந்துபோகும். அடைத்துக் கொளுத்தினால் சுபாவமே வேறு: அழுத்தம் கூடக்கூட எரியும் வேகமும் கூடும், வேகம் கூடினால் அழுத்தமும் கூடும். .308 வின்செஸ்டர் போன்ற தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு; வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 4,200 மடங்கு. குண்டு குழலைக் கடக்கும் நேரம் ஒரு மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். இதனால்தான் கையேடுகள் குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏறச் சொல்கின்றன. ஒரு மருந்துக்குப் பதில் இன்னொன்றை மாற்றிப் போட்டவர்களின் துப்பாக்கிகள் வெடித்திருக்கின்றன.

பாதுகாப்புக்கு எடை முக்கியம், சரி. துல்லியத்துக்கு எவ்வளவு முக்கியம்? இந்தத் தொழிலில் எடையின் அலகு கிரெய்ன்: 64.8 மில்லிகிராம். மேற்சொன்ன தோட்டா சுமார் 44 கிரெய்ன் மருந்து பிடிக்கும் என்று கொள்வோம். நிரப்புகிறவர்கள் தூக்கம் கெட்டுச் சண்டையிடுவது 0.1 கிரெய்னுக்காக. அந்த வித்தியாசம் வேகத்தைச் சுமார் கால் சதவீதத்துக்கும் குறைவாகவே மாற்றும். விநாடிக்கு 2 மீட்டர்கூட இல்லை. 300 மீட்டரை எட்டுவதற்குள் குண்டு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர் விழுகிறது. வேகம் கால் சதவீதம் மாறினால் அந்த வீழ்ச்சி மாறுவது மூன்று நான்கு மில்லிமீட்டர். குண்டின் குறுக்களவே அதைவிட அதிகம். 100 மீட்டரில் அந்த வித்தியாசம் அளவுகோலுக்கே தட்டுப்படாது.

ஆயிரம் கஜத்தில் கதை வேறு. அங்கே இன்றைய குண்டே பத்து மீட்டர் அளவுக்கு விழும். வேகத்தில் ஒரு சதவீத ஏற்றத்தாழ்வு 20 சென்டிமீட்டர் மேலும் கீழுமாகத் தெரியும். 1874 செப்டம்பரில் நியூயார்க்கை அடுத்த கிரீட்மூர் மைதானத்தில் 800, 900, 1000 கஜத்தில் அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் மோதின. வாய்வழி கெட்டிக்கும் ரிக்பி ரைபிள்களோடு வந்திருந்தது அயர்லாந்து. பின்வாய் திறக்கும் ஒற்றைத் தோட்டா ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைபிள்களோடு நின்றது அமெரிக்கா. 934-க்கு 931 என்று அமெரிக்கா ஜெயித்தது. அயர்லாந்து வீரர் ஒருவர் அழகாகக் குறிபார்த்துப் பக்கத்து இலக்கின் நடுவில் சுட்டுவிட்டதும் தோல்விக்கு ஒரு காரணம்! அப்படிப்பட்ட தூரத்துக்கு வேண்டிய எடைத் துல்லியத்தை, 150 மீட்டரில் மானைச் சுடப்போகிறவர் கடன் வாங்கிக்கொண்டு அவதிப்படுகிறார்.

இந்த மயக்கம் எப்படி நீடிக்கிறது? இங்கேதான் அந்த மூன்று ஓட்டைகள் வருகின்றன. வழக்கமான சோதனை இப்படி: அரை கிரெய்ன் இடைவெளியில் ஐந்தாறு மருந்து அளவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று தோட்டாக்கள். எல்லாவற்றையும் சுட்டு, எந்த மூன்று மிக நெருங்கி விழுந்தனவோ அதுவே ‘என் ரைபிளுக்குப் பிடித்த அளவு’. புள்ளியியல்காரர் ஒருவர் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். குண்டுகள் ஒரு மையத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் ஒரே மாதிரிச் சிதறுகின்றன என்று வைத்துக்கொண்டால், எதையும் மாற்றாமல், ஒரே பெட்டித் தோட்டாவை மூன்று மூன்றாகச் சுட்டாலே துளைக்கூட்டத்தின் அகலம் ஆடும். சராசரி 2.5 சென்டிமீட்டர் என்றால் 1.6-லிருந்து 3.4 வரை போய்வருவது சர்வ சாதாரணம். பதினான்கு பதினைந்து முறைக்கு ஒருமுறை சராசரியில் பாதிக்கும் கீழே ஒரு அற்புதக் கூட்டம் தானாகவே விழும். பர்ஸில் ஏறுவது அதுதான். காக்கை உட்கார பனம்பழம் விழுந்தது. இவர் காக்கையின் எடையைக் குறித்துக்கொள்கிறார்.

அதே ரைபிள், அதே தோட்டா, பத்துக் குண்டுகளாகச் சுட்டால் சராசரி அகலம் 4 சென்டிமீட்டருக்கு ஏறிவிடும். ரைபிள் கெட்டுப்போகவில்லை. முன்பு மறைந்திருந்தது இப்போது வெளியே வந்தது. பத்துக் குண்டு எண்ணும் யோக்கியம் பழையவர்களிடம் இருந்தது. ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்கள் அமெரிக்காவில் நடத்திய ஷூட்ஸன் பந்தயங்களின் காலத்தில், 1901 மே மாதம், கொலராடோவில் சி. டபிள்யூ. ரோலண்ட் 200 கஜத்தில் சுட்ட பத்துக் குண்டுகள் 0.725 அங்குலத்துக்குள், 2 சென்டிமீட்டருக்கும் குறைவாக, அடங்கின. குழலைச் செய்தவர் ஹாரி போப். அவரது முறையில் ஈயக் குண்டை வாய்வழியே தனியாக இறக்கிப் புரியில் உட்கார வைப்பார்கள். மருந்து நிரம்பிய கூடு மட்டும் பின்வாய்வழி ஏறும். குண்டைக் கூடு தொடுவதே இல்லை, ஆகவே கழுத்துக் கோணல் என்ற பிரச்சினையே எழவில்லை. அந்தக் காலத்துச் சுடுநர்கள் பலர் ஒன்றிரண்டு கூடுகளை மட்டும் கொண்டுவந்து, சுட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப நிரப்பிக்கொண்டார்கள். கூட்டுக்குக் கூடு வேறுபாடு என்பதும் ஒழிந்தது. மின்னணுத் தராசு இல்லை, வேகமானி இல்லை. நல்ல குழல், நேரான குண்டு, மாறாத கூடு, இவைதான் இருந்தன.

வேட்டை ரைபிளில் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் ஒற்றைத் தோட்டா வகைக்கே உரிய இரண்டு தொல்லைகளைத் தெரிந்துகொண்டால் மருந்தோடு மல்லுக்கட்டுவது பாதியாகக் குறையும். ஒன்று கழுத்தை மட்டும் அச்சில் அழுத்தி உடலை அப்படியே விட்டுவிடும் பழக்கம். போல்ட் ரைபிளில் இது செல்லும், ஏனென்றால் போல்ட்டின் திருகு அசைவு சற்றே பருத்த கூட்டையும் நெருக்கி உள்ளே தள்ளும், திரும்பக் கழற்றவும் செய்யும். இறங்கும் கட்டைக்கு அந்த வலு கிடையாது. மூன்று நான்கு முறை சுட்டபின் கூடு உள்ளே சிக்கிக்கொள்ளும். ஆகவே உடல் முழுவதையும் அச்சில் அழுத்தித்தான் ஆக வேண்டும்; அழுத்தும்போது கூட்டின் தோளை மட்டும் தேவைக்குமேல் பின்னுக்குத் தள்ளிவிடக் கூடாது. தள்ளினால் ஒவ்வொரு வெடிப்பிலும் கூடு நீண்டு, ஒருநாள் அடிப்பாகத்துக்குச் சற்று மேலே வட்டமாகப் பிளந்துபோகும்.

இன்னொன்று முன்கட்டை. ரூகர் நம்பர் 1-இல் கையால் பிடிக்கும் மர முன்கட்டை, குழலின் அடியில் நீளும் ஒரு எஃகுத் தாங்கியில் திருகப்பட்டிருக்கிறது. மரத்தின் முனை குழலை அழுத்தும். மழை நாளில் மரம் ஊதினால் அழுத்தம் மாறும். சுட்டுச் சுட்டுக் குழல் சூடேறினாலும் மாறும். வெடிப்பின் அதிர்ச்சியில் குழல் அதிர்கிறது என்பதையும், குண்டு கிளம்பும் கணத்தில் வாய் எந்தப்பக்கம் அசைந்துகொண்டிருக்கிறது என்பது குறியை மாற்றும் என்பதையும் ஆர்னல்ஃப் மாலக் 1901-லேயே ராயல் சொசைட்டியின் இதழில் ஆராய்ந்திருக்கிறார். அழுத்தம் மாறினால் அந்த அதிர்வும் மாறும். விளைவு, அட்டையில் துளைகள் மேலும் கீழுமாக ஒரு கோடாக நிற்கும். நிரப்புகிறவர் மருந்தின் வேகம் ஏறி இறங்குகிறது என்று நினைத்து இன்னும் பத்து அளவுகளை முயல்வார். விவரம் தெரிந்தவர் முன்கட்டையைக் கழற்றி, மரம் குழலைத் தொடாதபடி ஒரு காகிதக் கனம் சீவிவிட்டு, தாங்கியின் நுனிக்கும் குழலுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றைச் செருகி மாறாத அழுத்தம் கொடுப்பார்.

இத்தனைக்கும் பிறகு, வேட்டைக்காரருக்கு மூன்று குண்டின் கூட்டமும் வேண்டாம், பத்துக் குண்டின் கூட்டமும் வேண்டாம். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் அடங்கும் இடம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம். விடிகாலைக் குளிரில், ஆறிய குழலிலிருந்து கிளம்பும் முதல் குண்டு அதற்குள் எங்கே போகும் என்பது மட்டும்தான் கேள்வி. அதை அளக்க வழி இருக்கிறது: ஒரு காலையில் ஒரே குண்டு, அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை அதே அட்டையின் மேல் மறுபடி ஒன்று. பொறுமை வேண்டும் என்பதால் செய்பவர் குறைவு. செய்தவர்கள் பலர் கண்டுகொள்வது, துடைத்து எண்ணெய் தடவிய குழலின் முதல் குண்டு மற்றவற்றோடு சேராமல் தனியே போய் நிற்பதைத்தான். அதனால் சீசன் தொடங்குமுன் ஒன்றிரண்டு குண்டுகளைச் சுட்டுக் குழலை அழுக்காக்கிக்கொள்கிறார்கள். கடைசி நாள்வரை துடைப்பதில்லை.